எந்த வெள்ளை போனால் பரவாயில்லை?

தைப்பூசம் முடிந்த வாரத்தில் எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான்: "அண்ணே, இந்தப் படம் என்ன செட்டிங்?" சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. எஃப்/4, 1/500, ஐஎஸ்ஓ 400. அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று எண்களை எடுத்துக்கொண்டு அடுத்த வருஷம் பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் அதே மரத்தடியில் போய் நின்றாலும், மேலே ஒரு மேகம் வந்துவிட்டால் அவை செல்லாக்காசு. அந்தப் படத்தில் எதைக் காப்பாற்றினேன், எதைப் போனால் போகட்டும் என்று விட்டேன் என்று கேட்டால் பதில் அடுத்த வருஷமும் உதவும். ரா ஃபைலில் எடுக்கிறவர்களுக்கு எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது, என்பதே இந்த ஒரு முடிவுதான் என்று நினைக்கிறேன்.

ஜேபெக்கில் எடுத்தால் ஷட்டரை அழுத்தும் நொடியிலேயே படத்தின் வெளிச்சம், நிறம், கான்ட்ராஸ்ட் எல்லாம் கிட்டத்தட்ட முடிவாகிவிடும். ரா அப்படி இல்லை. வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சாரில் எந்தப் புள்ளியில் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பதை மட்டும் குறித்து வைக்கும் ஃபைல் அது. வெளிச்சத்தைச் சேர்ப்பது தெருவில் நடக்கும் வேலை. படம் எவ்வளவு பிரகாசமாகத் தெரிய வேண்டும் என்பது வீட்டுக்கு வந்து, குளித்து, டீ குடித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் செய்யும் வேலை. கேமராவின் பின்னால் இருக்கும் சின்னத் திரை இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பிக் காட்டுகிறது. அதைப் பார்த்து முடிவெடுப்பதால்தான் பாதிப் பிரச்சினை.

முதலில் வெளிச்சத்தைச் சேர்ப்பது. வெளிச்சம் ஒரே சீராக வழிந்து வருவதில்லை. ஃபோட்டான் என்னும் துகள்களாக ஒழுங்கில்லாமல் வந்து விழுகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஃபோட்டான் விழ வேண்டிய இடத்தில் ஒரு தடவை 92 விழும், இன்னொரு தடவை 109 விழும். ஏறக்குறைய 10 கூடக்குறைய இருக்கும், அதாவது பத்தில் ஒரு பங்கு தடுமாற்றம். அதே இடத்தில் 10,000 ஃபோட்டான் விழுந்தால் தடுமாற்றம் 100 அளவில்தான்; நூற்றில் ஒரு பங்கு. நாம் நாய்ஸ் என்று திட்டுகிற மணல் மணலான புள்ளிகளில் பெரும்பகுதி இந்தத் தடுமாற்றம்தான். எவ்வளவு விலை கொடுத்துக் கேமரா வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒரு ஸ்டாப் கூட்டினால், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கினால், படத்தின் சுத்தம் 1.4 மடங்கு கூடும். எப்போதும் நிழல் பகுதி முதலில் அழுக்காகத் தெரிவதற்கும் இதுதான் காரணம். அங்கே வந்து விழுந்ததே கொஞ்சம்.

இந்தக் கணக்கில் ஐஎஸ்ஓ எங்கே? வரவே இல்லை பாருங்கள். எடுக்கும் பொருள் மேல் இருக்கும் வெளிச்சம், அப்பெர்ச்சர் என்னும் லென்ஸின் திறப்பு, ஷட்டர் திறந்திருக்கும் நேரம், இந்த மூன்றும்தான் சென்சாருக்குள் எவ்வளவு போகும் என்று முடிவு செய்கின்றன. ஐஎஸ்ஓ அதற்கு அப்புறம் வருகிறது. நாதஸ்வரக்காரர் ஊதுவது அப்படியேதான் இருக்கிறது, ஓரமாக உட்கார்ந்திருப்பவர் ஆம்ப்ளிஃபயரைத் திருகுகிறார். திருகத் திருகச் சத்தம் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் ஸ்பீக்கர் கிழியும். ஐஎஸ்ஓ கூட்டியதால் நாய்ஸ் வந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். வெளிச்சம் குறைவாகப் போனதால் நாய்ஸ் வந்தது. அது குறைவாக இருந்ததால்தான் ஐஎஸ்ஓவைக் கூட்டினோம்.

படத்தில் இருட்டு எவ்வளவு, பிரகாசம் எவ்வளவு என்று இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடம்தான் ஹிஸ்டோகிராம். அதை வலப்பக்கம் தள்ளி எடுங்கள் என்று ஒரு பாடம் உண்டு. 2003இல் கனடாக்காரரான மைக்கேல் ரைக்மன் இணையத்தில் எழுதிப் பரவியது. ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் நோலோடு பேசியதிலிருந்து வந்த யோசனை. அப்போது அவர்கள் காட்டிய காரணம் பிட் கணக்கு. 12 பிட் ராவில் மொத்தம் 4,096 படிகள். சென்சார் வெளிச்சத்தை நேர்க்கோடாக எண்ணுவதால் மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்புக்கே அதில் பாதி, 2,048 படிகள், போய்விடும். அடுத்த ஸ்டாப்புக்கு 1,024. இப்படிக் கீழே போகப் போக நிழலுக்குச் சில்லறைதான் மிஞ்சும். ஆகவே வெளுக்காத, அதாவது விவரமே இல்லாத வெறும் வெள்ளையாகிவிடாத அளவுக்கு எவ்வளவு பிரகாசமாக எடுக்க முடியுமோ அவ்வளவு எடுத்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

பாடம் இன்றும் சரி. காரணம்தான் மாறிவிட்டது. இப்போதைய கேமராக்களில் 14 பிட், 16,384 படிகள், படிகளுக்குப் பஞ்சமில்லை. ஆதாயம் முழுக்க மேலே சொன்ன ஃபோட்டான் கணக்கில் இருக்கிறது. காரணம் எதுவானால் என்ன, முடிவு ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது. படிகள்தான் காரணம் என்று நம்புகிறவர், ஷட்டரையும் அப்பெர்ச்சரையும் மாற்ற முடியாத இடத்தில் ஐஎஸ்ஓவைக் கூட்டி ஹிஸ்டோகிராமை வலப்பக்கம் தள்ளுவார். ஒரு ஃபோட்டான்கூட அதிகம் சேராது. பிரகாசமான பகுதிகள் வெளுக்காமல் இருக்க மேல்பக்கம் இருந்த இடம் மட்டும் பறிபோகும்.

சரி, இனி நம் ஆட்களைப் படம் எடுப்பதற்கு வருவோம். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு எதிரே நிற்பது யார் என்று தெரியாது. பார்க்கும் எல்லாவற்றையும் நடுச்சாம்பல் ஆக்கப் பார்ப்பது அதன் பிறவிக்குணம். 18 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிறம்தான் நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த அளவுகோல். பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளைத் தோழர்கள் வரிசையாக நின்றால் படம் இருட்டாக வரும். கறுத்த முகம் ஃபிரேமை நிறைத்தால் படம் தேவைக்கு மேல் வெளிறி வரும். முகம் கண்டுபிடிக்கும் நவீன மீட்டர்களும் இந்தக் குணத்தை முழுதாக விட்டுவிடவில்லை. என்ன, தடுமாறும் அளவு குறைந்திருக்கிறது.

நம்மில் கறுத்த நிறம் உடையவர்களின் தோல் சுமார் 10 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நடுச்சாம்பலுக்கு ஏறக்குறைய ஒரு ஸ்டாப் கீழே. அது அங்கேயேதான் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஏற்றி நடுச்சாம்பலுக்கு மேலே கொண்டுபோனால் அந்த ஆள் அந்த ஆளாக இருக்கமாட்டார். ஃபிலிம் காலத்தில் கொடாக்கின் ஷெர்லி கார்டு என்று ஒன்று இருந்தது. லேபில் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த மாதிரிப் படம். அதில் இருந்தவர்கள் பல காலம் வெள்ளைக்காரப் பெண்கள் மட்டுமே. அந்தத் தோலுக்கு எது சரியோ அதுவே எல்லோருக்கும் சரி என்று ஓடியது. இன்று லேப் இல்லை, கார்டு இல்லை, ஆனால் கல்யாண வீட்டில் ஆல்பம் பார்க்கும்போது யாராவது ஒருவர், "தம்பி, பொண்ணைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுப்பா" என்கிறார். நான் ஆக்குவதில்லை. முகத்தில் வெளிச்சம் இல்லையென்றால் வெளிச்சம் போட்டுத் தருகிறேன். நிறத்தை மாற்றித் தருவதில்லை. இதனால் போன வேலைகளும் உண்டு, போகட்டும்.

கறுத்த தோலை நன்றாக எடுக்க, முதலில் சேர்க்கும் வெளிச்சத்தில் கை தாராளமாக இருக்க வேண்டும். தோலின் மினுமினுப்பு, கன்னத்தின் வளைவு, கண்ணுக்குக் கீழே உள்ள மெல்லிய மடிப்பு எல்லாம் படத்தின் வெளிச்ச அளவில் கீழ்ப்பாதியில் இருக்கின்றன. ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்துவிட்டுப் பிறகு தூக்கினால், முதலில் மணல் விழுவது அங்கேதான். அதே முகத்தில் நெற்றியைப் பாருங்கள். மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். நன்றாகக் காய்ந்த விபூதி ஏறக்குறைய 80 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். பக்கத்தில் ஒரு விரற்கடை தள்ளி இருக்கும் தோல் 10 சதவீதம். இடையில் மூன்று ஸ்டாப். இன்றைய சென்சாருக்கு மூன்று ஸ்டாப் ஒன்றுமே இல்லை. மர நிழலில் நின்றால் இரண்டும் அழகாக அடங்கும்: விபூதியில் விரல் இழுத்த கோடு தெரியும், வியர்வை இறங்கிய தடம் தெரியும். பாதி நெற்றியில் நேர் வெயில் விழுந்தால்தான் சிக்கல். வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே இன்னும் மூன்று ஸ்டாப் சேர்ந்துகொள்ளும். மொத்தம் ஆறு. சென்சார் அப்போதும் தாங்கும். நம் கை தாங்குமா, வெளுக்காமல் எடுப்போமா என்பதுதான் கேள்வி.

இங்கேதான் பின்திரை ஏமாற்றுகிறது. ராவில் எடுத்தாலும் கேமரா காட்டும் படம், ஹிஸ்டோகிராம், வெளுத்த இடத்தைச் சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கை மூன்றுமே உள்ளே தயாரான ஜேபெக்கைப் பார்த்து வருபவை. அந்த ஜேபெக்கில் வொயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறத் திருத்தம்), கான்ட்ராஸ்ட், பிக்சர் ஸ்டைல் எல்லாம் சேர்ந்திருக்கும். நிறத்தைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' ஸ்டைலை வைத்துவிட்டு ஹிஸ்டோகிராம் பார்த்தால் வெளுக்காததையும் வெளுத்ததாகக் காட்டும். என்னோடு இரண்டாவது கேமரா பிடிக்கும் தம்பி புதிதில் திரை சிமிட்டும்போதெல்லாம் கத்துவான்: "அண்ணே, நெத்தி மின்னுது, ஓவர் லா!" வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் ராவில் முக்கால் ஸ்டாப் மிச்சம் இருக்கும்.

எவ்வளவு மிச்சம் என்பது கேமராவுக்குக் கேமரா வேறுபடும். ஒரு காலை நேரத்தைச் செலவழித்தால் தெரிந்துகொள்ளலாம். பிக்சர் ஸ்டைலை நியூட்ரலுக்கு மாற்றி, கான்ட்ராஸ்ட்டை இறக்குங்கள். வெயிலில் காயும் வெள்ளை வேட்டி ஒன்று போதும். மேகம் இல்லாத நேரமாகப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் மாறினால் எல்லாம் வீண். ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டர், மேனுவல் மோட். வேட்டியை அளந்து மீட்டர் சைபர் காட்டும் இடத்தில் ஒரு படம். பிறகு ஷட்டர் வேகத்தை மூன்றில் ஒரு ஸ்டாப் வீதம் குறைத்துக்கொண்டே, வெளிச்சம் நான்கு ஸ்டாப் கூடும்வரை எடுத்துக்கொண்டு போங்கள். திரையில் எந்தப் படத்தில் முதன்முதலாகச் சிமிட்டியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ராடிக்கர் அல்லது ஃபாஸ்ட்ராவியூவர் போன்ற, ராவை உள்ளபடி காட்டும் மென்பொருளில் திறந்து, பச்சைச் சேனல் (ராவில் பச்சை நிறத்தின் அளவு) எந்தப் படத்தில் உச்சியில் போய் முட்டி நிற்கிறது என்று பாருங்கள். டார்க்டேபிள் இலவசம், அதிலும் ரா வெளுத்த இடத்தைத் தனியாகக் காட்டும் வசதி இருக்கிறது. அடோபியின் எடிட்டிங் மென்பொருளான லைட்ரூமின் ஹிஸ்டோகிராமை இதற்கு நம்ப வேண்டாம். அடோபி ஒவ்வொரு கேமராவுக்கும் உள்ளுக்குள் ஒரு வெளிச்சத் திருத்தத்தைச் சேர்த்துத்தான் படத்தைக் காட்டுகிறது.

இதில் இரண்டு எண்கள் கிடைக்கும். சிமிட்டலுக்கும் உண்மையான வெளுப்புக்கும் உள்ள தூரம் ஒன்று. மீட்டரின் சைபரிலிருந்து வெளுப்பு வரைக்கும் எத்தனை ஸ்டாப் என்பது இன்னொன்று. என் கேமராவில் இரண்டாவது எண் மூன்றுக்குச் சற்று மேல். ஆகவே வெயிலில் வெள்ளை ஜிப்பா போட்டவர் வந்தால், ஜிப்பாவின் வெயில்படும் தோளை ஸ்பாட் மீட்டரில் அளந்து, இரண்டரை அல்லது இரண்டேமுக்கால் ஸ்டாப் கூட்டி எடுத்துவிடுவேன். ஹிஸ்டோகிராமைப் பார்க்கவே தேவையில்லை. நிக்கான் 2014இல் டி810 கேமராவில் ஹைலைட்டை, அதாவது மிகப் பிரகாசமான பகுதியை, மட்டும் பார்த்து அளக்கும் மீட்டர் முறையைக் கொண்டுவந்தது. அதே வேலையை மெஷின் செய்கிறது, ஆனால் எந்த ஹைலைட் முக்கியம் என்று அதற்குத் தெரியாது. தேர் விளக்கைக் காப்பாற்றி ஆளை இருட்டில் தள்ளிவிடும்.

மஞ்சளும் சிவப்பும் தனிக்கதை. தைப்பூசத்தன்று பினாங்கு முழுக்க மஞ்சள்தான், மேலே செவ்வந்தி மாலை வேறு. பெரும்பாலான கேமராக்களின் சென்சார் மேல் பேயர் ஃபில்டர் என்னும் நிறச் சல்லடை இருக்கிறது. கொடாக்கில் இருந்த பிரைஸ் பேயரின் 1976 காப்புரிமை. நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். பகல் வெளிச்சத்தில் பச்சைப் புள்ளிதான் அதிகம் நிரம்பும். சிவப்புப் புள்ளி அதில் ஏறக்குறைய பாதியே நிரம்பும் என்பதால் வொயிட் பேலன்ஸ் கணக்கில் கேமரா சிவப்பை இரண்டு மடங்கு அளவுக்குப் பெருக்கிக்கொள்கிறது. மஞ்சள் வேட்டியில் சிவப்பு வெளுத்துவிட்டதாகத் திரை அலறும்போது, ராவில் சிவப்புச் சேனலில் ஒரு ஸ்டாப் வரை சும்மா கிடக்கலாம். பகலில் அந்த அலறலைப் பாதிதான் நம்புவேன்.

எண்ணெய் விளக்கு, பழைய மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நிலைமை தலைகீழ். அந்த வெளிச்சத்திலேயே சிவப்பு நிறைய இருக்கிறது, நீலம் கொஞ்சம். கேமரா சிவப்பை அதிகம் பெருக்குவதில்லை, நீலத்தைத்தான் தூக்குகிறது. அப்போது திரை சிவப்பு வெளுத்தது என்றால் கிட்டத்தட்ட உண்மையாகவே வெளுத்திருக்கும். குத்துவிளக்குப் பக்கத்தில் செம்பட்டுப் புடவையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றால், முகம் சரியாக இருக்கும்போதே புடவையின் சிவப்பு போய்விட்டிருக்கும். மடிப்பெல்லாம் மறைந்து ஒரே வண்ணப் பூச்சாகத் தெரியும். வெளிச்சத்தை மட்டும் மொத்தமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமில் இது தெரியவே தெரியாது. மூன்று சேனலையும் தனித்தனியாகக் காட்டும் வகையை வைத்துக்கொள்ளுங்கள்.

வொயிட் பேலன்ஸின் பெருக்கலையே நீக்கிவிட்டு, ராவுக்கு நெருக்கமாகத் திரையைக் காட்டவைக்கும் யூனிடபிள்யூபி என்ற உத்தியும் உண்டு. எல்லாம் பச்சையாகத் தெரியும். தனியாக மலை ஏறிப் படம் எடுப்பவருக்குச் சரி. கல்யாண வீட்டில் பெண்ணின் அத்தை வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கும்போது மகாலட்சுமி மாதிரி இருந்த பெண் பச்சைக்கிளியாகத் தெரிந்தால் நான் என்ன பதில் சொல்வது?

இருட்டில் எடுப்பதற்கு என் வழி கொஞ்சம் வேறு. கோயில் மண்டபத்தில் அனுமதி வாங்கி எடுக்கும்போது ஷட்டரையும் அப்பெர்ச்சரையும் எவ்வளவு தூரம் திறக்க முடியுமோ அவ்வளவு திறந்துவிடுவேன். ஆள் அசைவதால் 1/125க்குக் கீழே போவதில்லை, லென்ஸ் எஃப்/1.8. சேரும் வெளிச்சம் அத்தோடு முடிவாகிவிட்டது. மீட்டர் ஐஎஸ்ஓ 6400 கேட்கும். நான் 1600இல் நிறுத்திவிட்டு மீதி இரண்டு ஸ்டாப்பைக் கம்ப்யூட்டரில் தூக்கிக்கொள்வேன். பத்து வருஷத்துக்குள் வந்த பல சென்சார்களில் கேமராவுக்குள் பெருக்குவதற்கும் வெளியே பெருக்குவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆதாயம் என்னவென்றால், தீபச்சுடரும் அதைச் சுற்றியுள்ள பித்தளையின் மினுக்கும் இரண்டு ஸ்டாப் இடம் கூடுதலாகப் பெறுகின்றன. எல்லாக் கேமராவும் இப்படி இல்லை. சோனி ஏ7 மார்க் 3 போன்ற சிலவற்றில் ஐஎஸ்ஓ 640இல் சென்சார் தன் உள் அமைப்பையே மாற்றி நிழலைச் சுத்தமாக்குகிறது. அப்படிப்பட்ட கேமராவில் 500இல் நிறுத்துவதைவிட 640க்கு ஏறிவிடுவது மேல். பழைய கேமரா வைத்திருப்பவர்கள் மீட்டர் சொல்லும் ஐஎஸ்ஓவிலேயே எடுப்பதுதான் நல்லது. இந்தத் தந்திரம் அவற்றில் நிழலில் கோடு கோடாக அழுக்கைக் கொண்டுவரும்.

கல்யாண மண்டபத்து எல்இடி விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. ஊதா விளக்கு முகத்தில் விழுந்தால் நீலச் சேனல் முட்டிக்கொள்ளும். எக்ஸ்போஷரைக் குறைத்து எடுங்கள், முடிந்தால் டிஜே தம்பியிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் 1/100 அல்லது 1/50 என்றால் அடுத்தடுத்த படங்களில் வெளிச்சம் ஏறி இறங்காது.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் அதிகாலையில் தேர்கள் கிளம்புவதை எடுப்பவர்களுக்கு வேறு கஷ்டம். 1833இல் எழுந்த குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து தங்கத்தேர் 2017 முதல் புறப்படுகிறது. வெள்ளித்தேர் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஓடுகிறது. இங்கே தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரியில் சூரியன் உதிக்கவே ஏழேகால் தாண்டிவிடும். அதுவரை கறுப்பு வானம், தேர் முழுக்க விளக்கு, சுற்றிலும் தெருவிளக்கின் மங்கல். அதன் நடுவே ஆள் உயரத்துக்குக் குவித்துவைத்த தேங்காய்களைச் சரமாரியாக உடைப்பார்கள். ஓடு சிதறி வெள்ளைப் பருப்பு பறக்கும் அந்த நொடியை நிறுத்த 1/1000 வேண்டும். வெளிச்சமோ கிடையாது. இங்கே வலப்பக்கம் தள்ளுவது பற்றியெல்லாம் பேசினால் சிரிப்பார்கள். நின்று நிதானமாக அளக்க நேரம் இருக்கும் இடத்துக்கான பாடம் அது. தேர் நிற்காது, தேங்காய் காத்திருக்காது. மேனுவலில் ஒரு அளவைப் பிடித்து, சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் குறைவாகவே வைத்துவிடுவேன். நிழலில் விழும் மணலோடு வாழலாம். வெளுத்துப்போன தேங்காய்ப் பருப்பை எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

தேரின் வெள்ளித் தகட்டில் பல்பு பளிச்சிடும் புள்ளி வெளுத்தால் எனக்குக் கவலையே இல்லை. அது விளக்கின் நேர்ப் பிரதிபலிப்பு. கண்ணால் பார்த்தாலும் அங்கே விவரம் ஒன்றும் கிடையாது. அதைக் காப்பாற்றப் போனால் முழுப் படமும் சேறாகிவிடும். வேல் நுனியின் மின்னல், ஈரத் தரையில் சூரியன், எரியும் கற்பூரத்தின் நடுப்பகுதி எல்லாம் இந்த வகை. போகட்டும். விபூதி போகக் கூடாது. பால்குடத்தைச் சுற்றிய துணியின் நெசவு போகக் கூடாது. அர்ச்சகரின் வேட்டி மடிப்பு போகக் கூடாது; நெற்றியில் வழியும் வியர்வையின் மினுக்கு மட்டும் போகலாம்.

கோலாலம்பூர்க்காரர்களுக்குப் பத்துமலையைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. 272 படி ஏறிக் குகைக்குள் போனால், உள்ளே அரையிருட்டு. கூரையில் பெரிய திறப்பு. அதன் வழியாக வானம். ஒரே ஃபிரேமில் இரண்டையும் பிடிக்கப் பார்த்தால் நல்ல சென்சாரும் திணறும். ட்ரைபாட் வைத்து மூன்று படம் எடுத்துச் சேர்க்கலாம்தான். ஆனால் கும்பிட வந்தவர்கள் அசையாமல் நிற்பார்களா? நான் அங்கே வானத்தை விட்டுவிடுவேன். திறப்பின் ஓரத்தில் தொங்கும் செடிகளின் பச்சை மட்டும் தங்கும் அளவுக்கு அளந்து எடுத்தால் போதும். வெளியே நிற்கும் 42.7 மீட்டர் முருகனை எடுக்கும்போதும் அப்படித்தான்: பொன்நிறத்தில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து உச்சிக்குப் போகும். மார்புப் பதக்கத்தில் வெயில் தெறிக்கும் இடத்தை விட்டுவிட்டு, கன்னத்தை அளந்து எடுங்கள்.

இனி கம்ப்யூட்டர். வலப்பக்கம் தள்ளி எடுத்த ரா திறந்தவுடன் வெளிறிப்போய்த்தான் தெரியும். பயப்பட வேண்டாம். ஹைலைட் ஸ்லைடரைத் தொடும் முன் எக்ஸ்போஷர் ஸ்லைடரை இறக்குங்கள். பலரும் இந்த வரிசையை மாற்றிச் செய்கிறார்கள்: வெளிறிய படத்தைப் பார்த்துப் பதறி ஹைலைட்டை மைனஸ் 100க்கு இழுக்கிறார்கள், பிறகு படம் தட்டையாக இருக்கிறதே என்று கான்ட்ராஸ்ட்டைக் கூட்டுகிறார்கள், அப்புறம் நிழல் கறுத்துவிட்டதே என்று ஷேடோவைத் தூக்குகிறார்கள். மூன்று ஸ்லைடரும் ஒன்றோடொன்று சண்டை போட்டு முகம் களிமண் நிறத்துக்கு வந்துவிடும். நான் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு எக்ஸ்போஷரை வைப்பேன். வானம், வேட்டி, தேர் எதையும் அப்போது பார்ப்பதில்லை. முகம் சரியானபிறகு விபூதியில் கோடு தெரிகிறதா என்று பார்த்து, தேவை என்றால் மட்டும் ஹைலைட்டை இறக்குவேன். நிழலைக் கடைசியில் தொடுவேன், அதுவும் கொஞ்சம்தான். கறுப்பு வேண்டிய இடத்தில் கறுப்பு இருக்கட்டும்.

டார்க்டேபிளில் இந்த வரிசை இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. முதலில் எக்ஸ்போஷர் மாட்யூலில் முகத்தை உட்காரவைக்க வேண்டும். அப்போது வெள்ளைகள் திரைக்கு மேலே ஓடும். ஓடட்டும், ஒன்றும் தொலைவதில்லை. பிறகு ஃபில்மிக் அல்லது சிக்மாய்ட் மாட்யூல் அவற்றைத் திரைக்குள் மெதுவாக மடித்துக் கொண்டுவரும். பழகுவதற்கு நாளாகும், ஆனால் செம்பட்டும் செவ்வந்தியும் வெளுக்கும்போது நிறம் திரியாமல் மங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஹைலைட்டை மீட்கும் வித்தைக்கும் எல்லை உண்டு. ஒரு சேனல் மட்டும் முட்டியிருந்தால் மற்ற இரண்டையும் பார்த்து மென்பொருள் ஊகித்துக்கொள்ளும். பெரும்பாலும் நன்றாகவே வரும். இரண்டு முட்டினால் உருவம் ஓரளவு வரும், நிறம் வராது. சந்தனம் பூசிய நெற்றி சாம்பலாகத் திரும்பி வருவது இதனால்தான். மூன்றும் போனால் அங்கே ஒன்றும் இல்லை. முகத்தில் அப்படி ஒரு திட்டு வந்துவிட்டால், இழுத்துச் சாம்பலாக்குவதைவிட வெள்ளையாகவே விட்டுவிடுவது பார்க்க நன்றாக இருக்கும். வெயில் அடித்தது என்று கண் ஏற்றுக்கொள்ளும்.

மானிட்டரைப் பற்றி ஒன்று. கடையிலிருந்து வந்தபடியே முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்தால், திரையில் எல்லாம் பிரகாசமாகத் தெரியும். ஆகவே நாம் படத்தை இருட்டாக்கிவிடுவோம். பிரிண்ட் வந்தபிறகு லேப்காரரைத் திட்டுவோம். பிரிண்டுக்குப் போகும் படங்களுக்கு மானிட்டரின் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80லிருந்து 120 கேண்டெலா அளவில் இருந்தால் போதும். அளக்கும் கருவி இல்லையென்றால், ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் அறை விளக்கில் பிடித்து, திரையின் வெள்ளை அந்தத் தாளைவிடக் கண்ணைக் கூசாத அளவுக்கு இறக்குங்கள். அப்புறம் கறுத்த முகம் உள்ள ஒரு படத்தை ஏ4 அளவில் பிரிண்ட் போட்டுப் பாருங்கள். கன்னத்தில் விவரம் இல்லாமல் கறுப்பாக வந்தால், ஃபைலைத் தொடும் முன் மானிட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கி, மறுபடி திறந்து பாருங்கள்.